பெயிண்டிங் காசு

சென்னையில் வாடகை வீட்டைக் காலி செய்கிறபோது அட்வான்ஸில் ஒரு மாத வாடகை பெயிண்டிங்குக்கு என்று போய்விடும். ஏன் என்று கேட்கிறவர்கள் குறைவு. பத்து மாத அட்வான்ஸ் கொடுத்தால் ஒன்பது மாதம்தான் திரும்பி வரும் என்று மனதில் கணக்கு வைத்துக்கொண்டுதான் குடியே போகிறோம். எனக்கு இது ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்த விஷயம். கல்யாணமான புதிதில் வேளச்சேரியில் ஒரு மாடி போர்ஷனில் இருந்தோம். காலி செய்யும்போது வீட்டுக்காரர் சிரித்த முகத்தோடு ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார். அடுத்து அதே வீட்டுக்கு என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் குடிபோனார். பால் காய்ச்சக் கூப்பிட்டிருந்தார், போனேன். கூடத்துச் சுவரில் எங்கள் கடிகாரம் மாட்டியிருந்த இடத்தில், சுற்றிலும் மங்கி நடுவில் மட்டும் பளிச்சென்று ஒரு வட்டம் அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே அவருடைய மாமனார் காலண்டருக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடம் கழித்து அவர்கள் காலி செய்தபோதும் பெயிண்டிங் காசு பிடித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த வட்டத்துக்கு மட்டும் எத்தனை குடும்பங்கள் காசு கொடுத்தனவோ.

இப்போது நானும் ஒரு வீட்டுக்காரன். நங்கநல்லூரில் ஒரு பழைய ஃபிளாட் வாங்கி, சரிசெய்து, வாடகைக்கு விட்டிருக்கிறேன். இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்த பிறகு அந்த ஒரு மாதக் காசு வேறு மாதிரி தெரியும் என்று எங்கள் மாமா, அதாவது அக்காவின் கணவர், முன்பே சொல்லியிருந்தார். அவருக்கு மடிப்பாக்கத்தில் மூன்று போர்ஷன் இருக்கிறது. தெரியத்தான் செய்தது. ஆனால் அவர் சொன்ன மாதிரி தெரியவில்லை.

வாங்கியது நிலம், விட்டது வீடு

பழைய ஃபிளாட் பார்க்கப் போகிறவர்களுக்குப் புரோக்கர் முதலில் காட்டுவது வீட்டை இல்லை, யூடிஎஸ்ஸை. மனையில் பிரிக்கப்படாத பங்கு எத்தனை சதுர அடி என்பதுதான் பேச்சு. நான் வாங்கிய கட்டடம் தொண்ணூறுகளில் எழும்பியது. மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. வீடு 700 சதுர அடி, யூடிஎஸ் 420. புரோக்கர் சொன்ன நில விலையால் அந்த 420ஐப் பெருக்கினால், நான் கொடுத்த 45 லட்சத்தில் முக்கால்வாசிக்கு மேல் மண்ணுக்கே போய்விட்டது. செங்கல்லும் சிமெண்டும் கிட்டத்தட்ட கொசுறு. ‘கட்டடம் தேயும் சார், மண்ணு ஏறும்’ என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

தாய்ப்பத்திரம், முப்பது வருட வில்லங்கம், வக்கீல் ஒப்பீனியன் எல்லாம் எல்லோருக்கும் நடக்கிற மாதிரிதான் நடந்தது. பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரலில் 4 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைந்திருந்தது. அரசாங்கம் நிலத்துக்குக் குறிக்கிற விலையான வழிகாட்டி மதிப்பை அதே கையோடு 2017க்கு முந்தைய அளவுக்கு ஏற்றிவிட்டார்கள் என்பது வேறு கதை. முத்திரைத்தீர்வையும் சேர்த்து 9 சதவீதம், நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. புரோக்கருக்கு ஒரு சதவீதம். மராமத்துக்கு ஐந்து லட்சம். கூட்டினால் ஐம்பத்து நாலரை லட்சம். வாடகை மாதம் 16,000, வருடத்துக்கு 1,92,000. அதாவது மூன்றரை சதவீதம். சொத்து வரி, நடுவில் காலியாகக் கிடக்கிற மாதம், சில்லறைச் செலவு எல்லாம் போனால் மூன்று. வங்கியில் போட்டால் இதுபோல இரண்டு மடங்கு வரும். சென்னையில் வாடகைக்காக ஃபிளாட் வாங்குகிறவர் யாரும் வாடகைக்காக வாங்குவதில்லை. மண் ஏறும், பத்து வருடத்தில் பில்டர் வருவார், பழைய வீட்டுக்குப் பதில் புது வீடு கொடுப்பார், அதுதான் கணக்கு.

பில்டர் வருவார் என்பது வெறும் ஆசையும் இல்லை. 2019இல் வந்த கட்டட விதிகள், மனையின் பரப்பில் ஒன்றரை மடங்கு கட்டலாம் என்றிருந்ததை இரண்டு மடங்காக்கின. 2022ஆம் வருடத்து அடுக்குமாடி உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தாலே இடித்துக் கட்டலாம் என்றது. முன்பெல்லாம் எட்டு வீட்டில் ஒருவர் முறைத்துக்கொண்டால் அவ்வளவுதான். இப்போது நங்கநல்லூரில் தெருவுக்கு ஒரு பழைய கட்டடம் பச்சைத் துணி போர்த்தி நிற்கிறது. ஆஞ்சநேயர் கோயில் பக்கம் ஒரு சுற்று போய்வந்தால் போதும், ஜல்லி லாரியும் போர்வெல் வண்டியுமாக இருக்கும்.

இதில் ஒன்றைக் கவனித்தேன். இடிக்கப் போகிற கட்டடத்தில் யாரும் காசு போடுவதில்லை. மாடியில் தட்டோடு பெயர்ந்தால் தார்ப்பாய், குழாய் ஒழுகினால் எம்-சீல். அசோசியேஷன் கூட்டத்தில் மோட்டார் மாற்றலாமா என்று பேச்செடுத்தால், ‘இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டிடலாமே சார்’ என்று ஒரு குரல் வரும். அந்தக் குரல் சொந்தமாக வசிக்கிறவருடையதாகப் பெரும்பாலும் இருக்காது. வெளியூரில் இருந்துகொண்டு வாடகைக்கு விட்டிருப்பவர் ஃபோனில் பேசுவார். அந்த இரண்டு வருடத்தை ஓட்டுகிறவர் அவர் இல்லை. ஒழுகுகிற குழாயோடு குடியிருப்பவர் வாடகைக்கு இருப்பவர். கடைசியில் பெயிண்டிங் காசு கொடுத்துவிட்டுப் போகிறவரும் அவரே.

ஓதம்

மராமத்துக்கு வந்த மேஸ்திரி வந்தவாசிக்காரர். வீட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டு, ‘கிச்சன்ல டைல்ஸ் நல்லா இருக்கு, அதுல கை வைக்காதீங்க’ என்றார். எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. வேலை எடுக்க வந்தவர் வேலை வேண்டாம் என்று சொல்வதை நான் அதிகம் கேட்டதில்லை. பிறகு குளியலறைக்குள் போய், தரையில் தண்ணீர் வடிகிற நஹானி ட்ராப் பக்கத்தில் கம்பியால் தட்டினார். மற்ற இடத்தில் டங்கென்றது, அங்கே மட்டும் பொத்தென்றது. ‘காசு இங்கதான் போகும்’ என்றார்.

அவர் சொன்னபடிதான் ஆனது. குளியலறைத் தளத்தைத் தோண்டினால் கீழே நிரப்பியிருந்த செங்கல் துண்டெல்லாம் ஊறிப்போய்க் கறுப்பாக இருந்தது, கையால் பிட்டால் உதிர்ந்தது. அதற்குள்ளே போன கழிவுக் குழாய் இணைப்பில் விரிசல். நங்கநல்லூர் அப்போது சேர்ந்திருந்த பழைய ஆலந்தூர் நகராட்சியில் தொண்ணூறுகளின் கடைசியில் வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் வாங்கிப் பாதாளச் சாக்கடைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். ஜனங்களே காசு கொடுத்துச் சாக்கடை போட்டுக்கொண்ட ஊர் என்று அப்போது பெரிய பேச்சு. அதற்கு முன் இந்தக் கட்டடத்தில் செப்டிக் டேங்க். மாற்றியபோது வெளியே புதுக் குழாய் போட்டிருக்கிறார்கள், உள்ளே பழையதையே இழுத்துச் சொருகியிருக்கிறார்கள். அந்தச் சொருகல்தான் இத்தனை வருடமும் கசிந்திருக்கிறது. எல்லாவற்றையும் அள்ளிப் போட்டு, புதுக் குழாய் வைத்து, வாட்டர்ப்ரூஃபிங் இரண்டு கோட் அடித்து, தளத்தில் தண்ணீர் கட்டி நிறுத்தினார் மேஸ்திரி. கீழ்வீட்டில் போய் அவர்கள் சீலிங்கைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு வந்தபிறகுதான் டைல்ஸ் ஒட்டவே ஒத்துக்கொண்டார். ஜி.ஐ. பைப்பெல்லாம் துருவால் அடைத்து ஓட்டை சுருங்கியிருந்தது, அதையும் மாற்றினோம். வயரிங் மாற்றினோம். ஐந்து லட்சத்தில் நாலு இப்படிக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போனது. வீடு பார்க்க வந்தவர்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. அவர்கள் பார்த்தது கூடத்துச் சுவரின் ஐவரி நிறத்தை. நல்லா பளிச்சுன்னு இருக்கு சார் என்றார்கள்.

படுக்கையறையில் வடக்குப் பக்கச் சுவரில் மேலே மட்டும் ஓதம் இருந்தது. உப்புப் பூத்து, சுவர் பொரிந்து நின்றது. அது மேல்வீட்டுக் குளியலறை. எங்கள் வீட்டில் எதைத் தோண்டினாலும் அது நிற்காது. மேல்வீட்டுக்காரருக்கு ஃபோன் செய்தேன். ‘எப்படியும் இடிக்கப் போறோம், இப்ப எதுக்கு சார் பாத்ரூமை உடைக்கணும்?’ என்றார். பெயிண்டரிடம் கேட்டால், ‘ஓதத்து மேல பட்டி வச்சா ஒரு மழை தாங்காது. ஆனா வாடகைக்குத்தானே? பார்க்க வர்ற வரைக்கும் தாங்கும்’ என்றார். அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை, தொழில் தெரிந்தவர் விவரம் சொல்வது போலத்தான் சொன்னார். அந்த இடத்தைச் சுரண்டி அப்படியே விட்டுவிட்டு, குடிவருகிறவர்களிடம் காட்டிவிட்டேன். பரவாயில்லை, அங்கே பீரோ வைத்துக்கொள்கிறோம் என்றார்கள்.

குடிவந்தவருக்கு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் கார்கோ பக்கம் வேலை. அவருடைய மனைவி ஒரு பள்ளியில் பாடம் எடுக்கிறார். ஒரு பையன். ஆவணியில் வந்தார்கள். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்பதால் அந்த ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடந்தது, வீட்டுக்காரனாக நான் ஆடியைச் சபித்தது அதுதான் முதல் தடவை. அட்வான்ஸ் ஐந்து மாதம், 80,000. பக்கத்தில் எல்லோரும் வாங்கியது அதுதான்.

துண்டுச் சீட்டு

குடிவந்து மூன்று வருடம் முடியக் கொஞ்சம் முன்னால், பையனின் பள்ளிக்கூடத்துக்காகத் தாம்பரம் பக்கம் மாறுகிறோம் என்று சொன்னார்கள். வாடகை அப்போது 17,500 ஆகியிருந்தது. சாமான் ஏற்றிய அன்று சாவி வாங்கிக்கொண்டு கணக்கு முடிக்கப் போனேன். வீட்டுக்காரன் செய்கிற அந்தச் சுற்றை நானும் செய்தேன். சுவர் சுவராகப் பார்த்துக்கொண்டே போவது. எனக்கு இதைச் செய்தவர்களை எல்லாம் நினைத்துக்கொண்டேதான் செய்தேன். கூடத்தில் சோபா இருந்த இடத்துக்கு மேலே மூன்று எண்ணெய்த் தடம், மூன்று உயரத்தில். சாய்ந்து உட்கார்ந்து டிவி பார்த்த மூன்று தலை. சாமி ஷெல்ஃபுக்கு மேலே விளக்குக் கரி. சமையலறையில் தாளிப்புத் தெறித்த மஞ்சள். ஃபிரிட்ஜ் பின்னால் செவ்வகமாகத் தூசி. படுக்கையறையில் பீரோவை நகர்த்திய இடத்தில் ஓதம் ஜன்னல் வரைக்கும் இறங்கியிருந்தது. அந்தம்மா ஃபோனை எடுத்து ஒவ்வொரு மழைக்கும் எனக்கு அனுப்பிய படங்களைக் காட்டினார். ‘நாங்க பண்ணது இல்ல சார் இது’ என்றார். தெரியும்மா என்றேன்.

அப்போது அவருடைய கணவர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். நீலப் பேனாவில் அழகாக எழுதியிருந்தது. அட்வான்ஸ் 80,000. கரண்ட் பில் பாக்கி 640. பெயிண்டிங் 17,500. மீதி 61,860. ‘நாங்களே கழிச்சுட்டோம் சார், நீங்க கேக்கறதுக்குள்ள’ என்று சிரித்தார். பேரம் பேச இடமே இல்லாத சிரிப்பு அது. நானும் முன்பு இதே மாதிரிச் சீட்டு எழுதி எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். முதலில் நாமே கழித்துக் காட்டிவிட்டால், மற்றதில் கை வைக்க மாட்டார்கள், அசிங்கமாகப் பேச்சு வளராது என்று ஒரு நம்பிக்கை. கேட்காமலே கட்டுகிற கப்பம்.

அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் மனதுக்குள் வேறு கணக்குப் போட்டேன். அவர்களுடைய 80,000 என்னிடம் வட்டியில்லாமல் இருந்தது. ஏழு சதவீதம் வைத்தால் வருடத்துக்கு 5,600. இத்தனை காலத்துக்குப் பதினைந்தாயிரம் தாண்டும். அதாவது கிட்டத்தட்ட ஒரு மாத வாடகையை அவர்கள் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. அடுத்தது வருமான வரி. வாடகை வருமானத்தில் சொத்து வரி போக மீதியில் 30 சதவீதத்தைக் கழித்துக்கொள்ளலாம். செலவு செய்தாயா, ரசீது எங்கே என்று யாரும் கேட்பதில்லை. வீடு என்றால் பராமரிப்புச் செலவு இருக்கும் என்று வரிச் சட்டமே வைத்துக்கொள்கிறது. எனக்கு அது வருடத்துக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல். அதற்கு வரி கட்டாமல் அனுபவித்துவிட்டு, அதே சுண்ணாம்புக்குக் குடியிருந்தவரிடம் தனியாகக் கை நீட்டுவது எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்திருந்தேன். 1960ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டுக் கொண்டுவந்த புதுச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாதத்துக்கு மேல் கூடாது என்பது அதில் எல்லோருக்கும் தெரிந்த விதி. பின்னாலே ஒரு அட்டவணை இருக்கிறது, அதை யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. யார் யார் எதைச் சரிசெய்ய வேண்டும் என்ற பட்டியல். குழாய் வாஷர், சுவிட்ச், கதவுப் பூட்டு, ஜன்னல் கண்ணாடி எல்லாம் குடியிருப்பவர் பக்கம். சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் வீட்டுக்காரர் பக்கம். ஒப்பந்தத்தில் மாற்றி எழுதிக்கொள்ள இடம் இருக்கிறது, அதனால்தான் ஸ்டாம்ப் பேப்பர் விற்கிற கடையில் டைப் செய்து தரும் பதினோரு மாத அக்ரிமெண்டிலெல்லாம் பெயிண்டிங் ஷரத்து தானாகவே வந்து உட்கார்ந்திருக்கிறது.

சட்டம் எப்படியோ போகட்டும். என்னை நிறுத்தியது சோபாவுக்கு மேலே இருந்த அந்த மூன்று தடம்தான். அங்கே ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. உட்காருவதற்குத்தான் மாதா மாதம் பணம் வாங்கினேன். தலை சுவரில் படாமல் டிவி பார்க்க வேண்டும் என்று யாரும் குடிவருவதில்லை. சுவர் மங்குவதற்கான விலை வாடகைக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு மேலே கேட்கலாம் என்றால், வாஷ்பேசினை உடைத்தால் கேட்கலாம், புது டைல்ஸில் ஓட்டை போட்டால் கேட்கலாம். அவர்கள் குளியலறையில் கண்ணாடி மாட்ட இரண்டு டைல்ஸில் துளை போட்டிருந்தார்கள். டைல்ஸுக்கும் கூலிக்கும் 800 ரூபாய் பிடித்தேன். அவருக்கு அது சரியாகவே பட்டது. 17,500ஐ அடித்துவிட்டு மீதி 78,560 அனுப்பினேன். அந்தம்மா கணவரைப் பார்த்தார், அவர் ஃபோனைப் பார்த்தார். ‘சார், தப்பா போட்டுட்டீங்களா?’ என்றார்.

மாமாவுக்கு இது பொறுக்கவில்லை. ‘மாப்ளே, வர்றதே மூணு பர்சென்ட். அதுலயும் தர்மம் பண்ணினா எப்படி? நீ ஒருத்தன் பிடிக்கலேன்னா தெருவுல இருக்கறவன் எல்லாரையும் கேப்பாங்க’ என்றார். அவர் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பெயிண்டர் இரண்டு கோட்டுக்கு 34,000 கேட்டார், அது என் கையிலிருந்துதான் போனது. மூன்று சதவீதத்தில் ஓடுகிறவருக்கு 17,500 பெரிய காசு. ஆனால் அந்த மூன்று சதவீதத்தைத் தேர்ந்தெடுத்தது நாம்தானே மாமா என்றேன். மண் ஏறும் என்று வாங்கினோம், ஏறினால் அது முழுக்க நமக்குத்தான், குடியிருந்தவருக்கு அதில் ஒரு ரூபாய் பங்கு கிடையாது. ஏறுகிறது நமக்கு, தேய்கிறது அவர்களுக்கு என்று வைத்துக்கொள்வது என்ன கணக்கு? ‘நீ பேசறதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒரு நல்ல ரௌடி குடித்தனம் வரட்டும், அப்புறம் பேசு’ என்றார். வரலாம். கதவைக் கழற்றி வைத்துவிட்டுப் போனவர்களைப் பற்றி அவரிடம் கதை இருக்கிறது. அப்படி வந்தால் கதவுக்குக் காசு பிடிப்பேன். அதற்காக மற்றவர்களிடம் முன்கூட்டியே சுண்ணாம்புக்கு வாங்கி வைக்க முடியாது.

ஆடிக்குள் ஆள் வந்துவிட்டார்கள். புதிதாகக் கல்யாணமானவர்கள், இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். அட்வான்ஸ் மூன்று மாதம் என்றேன். அக்ரிமெண்டில் பெயிண்டிங் ஷரத்தை எடுத்துவிட்டு அச்செடுத்துக் கொடுத்தேன். அந்தப் பையன் முன்னும் பின்னும் புரட்டினான். ‘சார், பெயிண்டிங் பத்தி ஒண்ணுமே போடலையே? அப்ப கடைசில எவ்வளவு பிடிப்பீங்க?’ என்று கேட்டான். பிடிக்க மாட்டேன் என்றேன். ‘இல்ல சார், பரவால்ல, ஒரு மாசம்னே போட்டுடுங்க. போடாம விட்டா அப்புறம் ரெண்டு மாசம் கேப்பாங்கன்னு அப்பா சொன்னார்.’ அவனோடு வாதாடிப் பயனில்லை. பேனாவை எடுத்து ஓரத்தில் எழுதினேன்: சுவர் மங்குவதற்கும் வெள்ளையடிப்பதற்கும் அட்வான்ஸில் பிடித்தம் இல்லை. உடைந்த பொருளுக்கு மட்டும், பில் காட்டி. அதற்குக் கீழே இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அவன் வீடு முழுக்க ஃபோனில் படம் எடுத்துக்கொண்டான், படுக்கையறை ஓதத்தை மட்டும் நாலு படம். அதற்கு மேல்வீட்டுக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். வருகிற அசோசியேஷன் கூட்டத்துக்கு மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன்.